பார்க்காமல் எழுதிய இரண்டு வேளைச் சாப்பாடு

நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு இப்போது சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி ஒன்று வந்துவிட்டதாம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் போதுமாம், அளவு தெரிந்துவிடுமாம். அங்கே வேலை செய்யும் இரண்டு பெண்கள் போன வாரம் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். "அப்பல்லாம் யூரினை வெச்சே எல்லாத்தையும் கண்டுபிடிச்சீங்களாக்கா?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். "எங்க கண்டுபிடிச்சோம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

நர்ஸ்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். இருபது வருடத்தில் நான் எழுதியதெல்லாம் கேஸ் ஷீட்டும் ரிப்போர்ட் நோட்டும்தான். ஆனாலும் மேடையில் பேசச் சொல்லாமல் எழுதத்தானே சொல்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டேன். இடுப்பு வலியால் நாற்பது வயதிலேயே வேலையை விட்டுவிட்டேன். இப்போது நேரம் இருக்கிறது.

எனக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமம். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கும் நயினார் வீடு எங்களுடையது. பல தலைமுறையாக அதே மண்ணில் இருக்கும் ஜைனக் குடும்பம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வேலூரில் இரண்டு வருடம் பயிற்சி. அங்கே நான் நன்றாகக் கற்றது படுக்கை விரிப்பின் மூலையை மடிப்பது. எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். பெண்கள் வார்டில் பதினெட்டுக் கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். மாலை ஐந்தரைக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன். "பத்மா டப்பா தொறந்துட்டா, மணி அஞ்சரைடி, கடிகாரம் எதுக்கு நமக்கு" என்று ஆயாக்கள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டுச் சாப்பிடுவேன்.

வார்டுக்குத் தலைமை நர்ஸ் ஞானசுந்தரி. நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். கிறிஸ்தவர், குள்ளமானவர், கனத்த குரல். நோயாளிகள் எதிரில் எங்களை ஒருநாளும் திட்டியதில்லை. திட்டவேண்டும் என்றால் துணி அலமாரிப் பக்கம் கூட்டிப்போவார். உலர்ந்த போர்வையை எடுத்து, ஒரு முனையை நம்மிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு மடித்தபடியே திட்டுவார். பெரிய தப்பு என்றால் பத்துப் போர்வை மடிக்க வேண்டியிருக்கும்.

காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் காலையும் மாலையும் எழுத வேண்டும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. நாடிக்குக் கையைப் பிடித்தே ஆகவேண்டும். மூச்சை எண்ணத்தான் எவருக்கும் பொறுமை கிடையாது. எல்லோரும் இருபது என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதினேன். மூன்றாவது வாரம் பெரிய சிஸ்டர் பதினெட்டுத் தாள்களோடு என்னை அலமாரிப் பக்கம் அழைத்தார்.

"பத்மா, பதினெட்டு பேருக்கும் இருபதா?"

"ஆமா சிஸ்டர்."

"எல்லாரும் ஒண்ணா சேந்து மூச்சு வுடறாங்களா? பஜனை கோஷ்டியா இது?"

நான் போர்வை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பேசும்மா. உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தைய எடுக்க ஃபோர்செப்ஸ் போடணும் போல இருக்கு."

"எண்ணல சிஸ்டர்."

"எண்ணலன்னா காலியா வுடு. காலியா இருந்தா டாக்டர் கேப்பாரு. இருபதுன்னு இருந்தா நம்பிட்டுப் போயிடுவாரு."

பிறகு எண்ணும் முறையைக் காட்டினார். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்தபடியே மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்க வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக்கூடாது. அந்த மாதமே ஒரு பாட்டிக்கு முப்பத்தாறு என்று எண்ணி எழுதினேன். அப்போது அவருக்குக் காய்ச்சல்கூட இல்லை. நெஞ்சில் சளி கட்டியிருந்ததை டாக்டர் அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மூச்சை எண்ணாமல் எழுதியதில்லை. எண்ண வேண்டியது மூச்சு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன், அங்கேதான் தப்பு செய்தேன்.

வாய் பேசாமலே வேலையை முடிக்கப் பழகிவிட்டிருந்தேன். செங்கம் ரோட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் பென்சிலின் ஊசிக்கு வந்தார். முதலில் தோலில் கொஞ்சம் போட்டு அரைமணி நேரம் பார்த்த பிறகுதான் முழு ஊசி. அவர் அவசரமாகக் கிளம்பப் பார்த்தார். இங்கிலீஷில் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு ஸ்டூலை வாசற்படியில் போட்டு வழியை மறித்து உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அவர் கையில் ரூபாய்க் காசு அகலத்துக்குத் தடித்துச் சிவந்தது. அந்த மருந்து தனக்கு ஆகாது என்று அவரே பார்த்துவிட்டுக் கும்பிட்டார். பேச்சில்லாமலே நர்ஸ் வேலை செய்யலாம் என்று அன்று பெருமையாக இருந்தது.

இனி யூரின் பரிசோதனை. சோதனைக் குழாயில் ஐந்து மில்லி நீல மருந்து எடுக்க வேண்டும். அதில் எட்டுச் சொட்டு மூத்திரம். ஒன்பது விழுந்தால் கொட்டிவிட்டு மறுபடி. ஸ்பிரிட் விளக்கில் குழாயைச் சாய்த்துப் பிடித்துக் காய்ச்சுவோம். வாய்ப்பக்கம் நம் முகத்துக்கும் திரும்பக்கூடாது, பக்கத்தில் நிற்பவருக்கும் திரும்பக்கூடாது. திடீரென்று பொங்கித் தெறிக்கும். ஆறிய பிறகு நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப்போக ஜாஸ்தி. இதில் ஒரு சிக்கல் உண்டு. குழாயில் தெரிவது இப்போதைய சர்க்கரை அல்ல. மூத்திரம் பையில் சேர்ந்த நேரத்துச் சர்க்கரை. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தால் காலைச் சர்க்கரையைத்தான் அது மாலையில் சொல்லும். இது எனக்குப் பாடமாகத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

குப்பம்மாள் அடி அண்ணாமலைக்காரர். ஐம்பது வயது இருக்கும். சொந்த நிலம் உண்டு. பௌர்ணமிகளில் மலை சுற்ற வருகிறவர்களுக்கு வழியில் கடை போடுவார். காலில் முள் குத்திப் புண்ணாகி, சர்க்கரையால் ஆறாமல் எங்கள் வார்டில் மூன்று வாரமாக இருந்தார். துணைக்குத் தங்கை வள்ளி. தினமும் காலை ஏழரைக்கு இன்சுலின் முப்பது யூனிட் என் கையால்தான். அது மெதுவாக வேலை செய்யும் வகை. காலையில் போட்டால் சாயங்காலம்தான் அதன் வேகம் உச்சத்துக்கு வரும். குப்பியைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டவேண்டும். நான் உருட்டும்போதெல்லாம் அவர் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். நான் சிரிப்பேன், ஊசி போடுவேன், அடுத்த கட்டிலுக்குப் போவேன்.

அந்த வருடம் தீபத்தன்று பாதிப் பேர் லீவு. பெரிய சிஸ்டரையும் கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களைப் பார்க்க வெளி ஹாலுக்குப் போட்டுவிட்டார்கள். வார்டில் நானும் ஒரு ஆயாவும்தான். "உனக்குத்தான் தீபம் கெடையாதே பத்மா" என்று ஒவ்வொரு வருடமும் அந்த டியூட்டி எனக்கே வரும். எங்கள் வீட்டிலும் கார்த்திகைக்கு விளக்கு வைப்போம். மலையில் தீபம் தெரியும்வரை பட்டினி கிடக்கும் வழக்கம்தான் இல்லை. அதை எடுத்துச் சொல்ல வெட்கப்பட்டு ஒவ்வொரு வருடமும் தலையாட்டிவிடுவேன்.

காலையில் குப்பம்மாளுக்கு ஊசி போட்டேன். எட்டு மணிக்குச் சமையலறையிலிருந்து இட்லி வந்தது. எட்டரைக்குப் போனபோது தட்டு கழுவிக் கட்டிலடியில் கவிழ்த்திருந்தது. 'காலை உணவு சாப்பிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியமும் தட்டு அப்படியே சுத்தமாக இருந்தது. மதியத்துக்கும் எழுதினேன். நாலு மணிக்கு வள்ளி யூரின் பாட்டிலைக் கொடுத்தாள். காய்ச்சினேன், ஆரஞ்சு வந்தது. எழுதினேன். குப்பம்மாள் அன்று முழுவதும் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை, பாட்டிலில் இருந்தது காலையிலிருந்து தேங்கிய மூத்திரம் என்பது எனக்குத் தெரியாது.

நாலரை இருக்கும். வள்ளி ஓடிவந்தாள். "நர்சம்மா, அக்காவுக்கு அருள் வந்துடுச்சு!"

போய்ப் பார்த்தால் குப்பம்மாள் தலையை இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தார். கண் பாதி மூடியிருந்தது. வாய் குழறிக்குழறி அண்ணாமலையாரைக் கூப்பிட்டது. கையைத் தொட்டால் தட்டிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை கூப்பி நின்றார்கள். யாரோ நெற்றியில் விபூதி பூசியிருந்தார்கள். வள்ளி விபூதி கலந்த தண்ணீரை அக்கா வாயில் ஊற்றப் போனாள். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்மா. நெனவில்லாதப்ப குடுத்தா மூச்சுக் குழாயில எறங்கிடும்."

டியூட்டி டாக்டரைக் கூட்டிவர ஆயாவை அனுப்பினேன். அவர் சின்ன வயதுக்காரர். காலையிலிருந்து கூட்டத்தில் அடிபட்டவர்களைப் பார்த்துப் பார்த்துக் களைத்திருந்தார். நல்ல மனிதர்தான். வந்ததும் கேஸ் ஷீட்டைப் பார்த்தார்.

"ரெண்டு வேளையும் சாப்பாடு போயிருக்கு. யூரின் ஆரஞ்சு. சர்க்கரை ஏறித்தான் மயக்கம் வருது. வேகமா வேலை செய்யற இன்சுலின் இருபது யூனிட் உடனே போடுங்க. ஒரு தையலை பாதில வுட்டுட்டு வந்திருக்கேன்."

ரத்தம் பரிசோதிக்கலாம் என்றால் லேப் ஆள் லீவு.

ஊசியில் மருந்தை எடுத்தேன். குப்பம்மாளின் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு வழுக்கியது. கை ஏற்கெனவே ஈரமாக இருந்தது. சில்லென்றும் இருந்தது. முதுகுப்பக்கம் ரவிக்கை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதம்; மழை விட்டுவிட்டுப் பெய்யும் நாள்; ஜன்னல் வழியே குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. சர்க்கரை ஏறி மயங்குகிறவருக்கு உடம்பு வறண்டிருக்கும், நாக்கு காய்ந்திருக்கும், மூச்சு ஆழமாக வாங்கும். இவருக்கு மூச்சு சாதாரணமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வியர்த்துச் சில்லிடுவது சர்க்கரை இறங்கிப்போனவருக்குத்தான்.

மூன்று வாரத்தில் முதல் தடவையாக வள்ளியிடம் ஒரு கேள்வி கேட்டேன்.

"மத்தியானம் இன்னா சாப்பிட்டாங்க?"

"இன்னிக்கு இன்னாத்த சாப்பிடறது? தீபம் பாத்துட்டுதானே. தண்ணி கூட பல்லுல படல."

"தட்டு காலியா இருந்துச்சே?"

"வீணாப் போவுதேன்னு ரெண்டு வேளையும் நான்தான் சாப்பிட்டேன். கழுவியும் வெச்சேனே."

டாக்டர் வாசலுக்குப் போய்விட்டார். "சார்!" என்றேன். அது நான் கூப்பிட்ட சத்தமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"போட்டாச்சா?"

"சார், அவங்க சாப்பிடல."

"யாரு சொன்னா?"

"அவங்க தங்கச்சி."

"ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அத கேட்டு வைத்தியம் பண்ண முடியுமா? சாப்பிட்டாங்கன்னு நர்ஸ் கையெழுத்து போட்டிருக்காங்களே."

ஊசி என் கையில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு அதைப் போட்டிருந்தால் யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க முடியாது. சாப்பாடு எழுதியிருக்கிறது, யூரின் எழுதியிருக்கிறது, டாக்டர் உத்தரவு இருக்கிறது. தாளில் ஒரு குறையும் இல்லை. குப்பம்மாள்தான் இருக்கமாட்டார்.

"அது என் கையெழுத்து சார். நான் பாக்கல. தட்ட பாத்துட்டு எழுதிட்டேன்."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும்."

அவர் திரும்பி வந்தார். குப்பம்மாளின் நெற்றியில் கை வைத்தார். கையை எடுத்துத் தன் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"ஊசிய கீழ வைங்க. இருபத்தஞ்சு பெர்சென்ட் குளுக்கோஸ் கொண்டாங்க."

குப்பம்மாளின் கை உதறிக்கொண்டே இருந்ததால் நரம்பு கிடைக்கவில்லை. நான் முழங்கையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது. குளுக்கோஸ் பாகுபோல இருக்கும். மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். முதல் குப்பி முடியும்போது உதறல் நின்றது. இரண்டாவது பாதி போயிருக்கும், குப்பம்மாள் கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"தீபம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

டாக்டர், "முதல்ல எதாவது சாப்பிடுங்க. காலைல போட்ட மருந்து இன்னும் வேலை செய்யுது. மறுபடி மயக்கம் வரும்" என்றார்.

"இன்னும் ஒரு மணி நேரம்தானே சாமி. காலைலேர்ந்து இருந்துட்டேன்."

"நீங்க செத்துப் பொழச்சிருக்கீங்கம்மா!"

"பொழச்சது தீபம் பாக்கத்தான்."

அதற்குள் செய்தி போய்ப் பெரிய சிஸ்டர் வந்துவிட்டார். டாக்டர் நடந்ததைச் சொன்னார். சிஸ்டர் என் பக்கம் திரும்பவில்லை. "டாக்டர், குளுக்கோஸ் டிரிப் போட்டுடலாம். ஆறு மணிக்கு அவங்களே சாப்பிடுவாங்க" என்றார்.

குப்பம்மாள் பாட்டிலைச் சந்தேகமாகப் பார்த்தார். "அதுல இன்னா இருக்குது?"

"சர்க்கரத் தண்ணி."

"அப்ப என் விரதம்?"

"வாயில போனாதான் விரதம் கெடும். கையில போறது சேராது."

"நீ வேதக்காரி. எங்க விரதத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

"எங்களுக்கு ஈஸ்டருக்கு முன்ன நாப்பது நாள் நோன்பு இருக்குதும்மா. உனக்கு ஒரு நாள்தான். என்கிட்ட கேளு."

வார்டே சிரித்தது. குப்பம்மாளும் கையை நீட்டினார்.

அந்த ஒரு மணி நேரம் நான் கட்டிலை விட்டு நகரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி பார்த்தேன், நெற்றி ஈரமாகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். மயக்கம் வந்தால் தெரியவேண்டும் என்று அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தேன். ஆறு மணிக்கு வெளியே வெடிச்சத்தமும் அரோகராவும் ஒன்றாகக் கேட்டன. நடக்க முடிந்தவர்களெல்லாம் ஜன்னலுக்கு ஓடினார்கள். குப்பம்மாளை வள்ளியும் நானும் நிமிர்த்தி உட்கார வைத்தோம். அவர் கும்பிட்டு முடித்ததும் வள்ளி தட்டை வைத்தாள். எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குப்பம்மாளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தட்டு காலியாகும்வரை.

அதன்பிறகு பெரிய சிஸ்டர் என்னை அலமாரிப் பக்கம் கூப்பிட்டார். ஒரு போர்வையை எடுத்தார். நான் முனையைப் பிடித்துக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மடித்த போர்வையை அலமாரியில் வைத்தார், அவ்வளவுதான்.

"புதுத் தாள்ல சரியா எழுதித் தரட்டுமா சிஸ்டர்?" என்று நானே கேட்டேன்.

"பழச இன்னா பண்ணுவ? கிழிப்பியா? ஒரே ஒரு கோடு போடு. கீழ இருக்கறது படிக்கற மாதிரி இருக்கணும். அதுக்குக் கீழ 'நான் பார்க்கவில்லை, நோயாளி விரதம்'னு எழுதி மணி போட்டுக் கையெழுத்து போடு."

எழுதினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "நானும் தட்ட பாத்து எழுதினவதான் பத்மா. எத்தனையோ வருஷம்" என்றார். அடுத்த போர்வையை எடுத்தார்.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. டாக்டரிடம் சொன்னதையே பதிலாக எழுதிக் கொடுத்தேன். அந்த வாரத்திலிருந்து பெரிய சிஸ்டர் புது நடைமுறை ஒன்றைக் கொண்டுவந்தார். இன்சுலினை ஊசியில் எடுப்பதற்கு முன் 'இன்று சாப்பிடுவீர்களா' என்று கேட்டாக வேண்டும். கிருத்திகை, அமாவாசை, ஏகாதசி, ரம்ஜான், எங்கள் நயினார் வீட்டு நோன்பு நாட்கள் எல்லாவற்றையும் அவரவரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வைத்தார். சாப்பாட்டுத் தட்டு எதிரில் வந்த பிறகுதான் ஊசி.

இதெல்லாம் பின்னால். மறுநாள் காலை குப்பம்மாள் கட்டிலுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தது. கொஞ்சம் கோபமும் இருந்தது. கோபம்தான் முதலில் வந்தது.

"விரதம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"நான் எங்க மறைச்சேன்? ஊரே விரதம்" என்றார். "நீ கேக்கலயே கண்ணு. மூணு வாரமா வர்ற, சிரிக்கற, குத்தற, போயிடற. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

குப்பியை எடுத்து உருட்டினேன். வள்ளி இட்லித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னிக்கு சாப்பிடுவீங்களாம்மா?"

"சாப்பிடறேன். ஆனா இட்லி கல்லு மாதிரி இருக்குது. அதையும் உன் தாள்ல எழுதிக்கோ."

ஊசியைப் போட்டேன். பக்கத்தில் நின்றேன். 'இரண்டு இட்லி சாப்பிட்டார். நான் பார்த்தேன்' என்று எழுதினேன். அதன் கீழே, 'கல் மாதிரி இருந்ததாகச் சொன்னார்' என்றும் எழுதினேன்.